மீசை தெரிய வேண்டிய பானட்

என் மாமனார் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகும் இரண்டு காரியங்களைத் தினமும் தவறாமல் செய்தார். ஒன்று, தன்னுடைய நீலக் காரைத் துடைப்பது. இன்னொன்று, என்னை வெறுப்பது. இரண்டிலும் அவர் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் அவர் கண்ணில் புரை விழுந்தது. எதிரே வருவது பஸ்ஸா, ரப்பர்ப் பால்மரமா என்று தெரியாத நிலை வந்ததும் கார் சாவியை அவர் கீழே வைக்க வேண்டியதாயிற்று. அந்தச் சாவி என் கைக்கு வந்தது. தினமும் துடைத்ததும் தினமும் வெறுத்ததும் ஒரே வீட்டு வாசலில் வந்து சேர்ந்தால் ஒரு மனிதர் எப்படித் தாங்குவார்?

சாவி எனக்கு வந்ததில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. என் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். மலாக்கா மாநிலத்து அலோர் காஜாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அங்கே பஸ் போகாது. கடைசி மூன்று மைல் செம்மண் பாதை. என் மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் உட்கார்ந்து அந்த மூன்று மைலையும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் கடப்பாள். கிளினிக் தாதி அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக என் மோட்டாரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இனிமே இவங்கள இதுல ஏத்தாதீங்க" என்றார். மோட்டாரைச் சொன்னாரா, என்னோடு எங்கேயும் போகக்கூடாது என்று சொன்னாரா என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

கார் வாங்க எங்களுக்கு வக்கில்லை. மாமா வீட்டிலோ ஓட்ட ஆளில்லாமல் ஒரு கார் நின்றது. ஆனால் அந்தக் கார்மேல் பல வருஷமாகக் கண் வைத்திருந்தவர் ஒருவர் இருந்தார். என் சகலை. மாமாவுக்கு இரண்டே பெண்கள். மூத்தவளைக் கட்டியவர் அவர். மலாக்கா டவுனில் குடியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து ஞாயிறுதோறும் மோட்டாரில் வந்து, மாமாவோடு நின்று காரின் நான்கு டயரையும் கழுவியவர். நான் டயரைப் பார்த்ததே பஞ்சரானபோதுதான்.

அந்தக் காருக்கு ஒரு கதை உண்டு. மாமா லாரி ஓட்டிய தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தா, பெரிய கிராணி, அதில் போகும்போது, பின்னால் லாரியில் புழுதியை விழுங்கிக்கொண்டே பல வருஷம் போனவர் மாமா. கிராணி மாற்றலாகிப் போனபோது அதே காரை விலைக்கு வாங்கி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மறுநாள் காலையில் துடைக்க ஆரம்பித்தவர் பதினெட்டு வருஷம் நிறுத்தவில்லை. லயத்தை விட்டுத் தோட்டத்து எல்லையில் சொந்தமாகப் பலகை வீடு கட்டியபோதும், வீட்டுக்குக் கூரை போடும் முன்பே காருக்குக் கூரை போட்டார்.

தைப்பூசம் முடிந்த வாரம் சாவியை வாங்கப் போனோம். மாமா அதை என் கையில் கொடுக்கவில்லை. மேசைமேல் வைத்தார். பக்கத்தில் ஐந்து நீலத் துணிகள், ஒரு பால்மாவு டின், ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய்.

டின்னில் இருந்தது கோயில் திருநீறு. மூன்று முறை சலித்தது. குத்துவிளக்கைத் திருநீறு போட்டுத் துலக்கினால் பொன்னாக மின்னுகிறது, காருக்கும் அதே வைத்தியம்தான் என்பது அவர் கண்டுபிடிப்பு. சாமியும் காவல், பளபளப்பும் இலவசம்.

"தெனம் காலையில ரெண்டு மணி நேரம், மாப்ள" என்றார் மாமா. எனக்கு அவர் கொடுக்கும் மரியாதையில் எப்போதும் ஒரு முள் இருக்கும். "மொதல்ல தண்ணி. அப்புறம் துண்ணூறு. அப்புறம் எண்ண. அப்புறம் காஞ்ச துணி. எஞ்சின் மூடி பானட்டுல குனிஞ்சா மீசை ஒன்னொன்னா தெரியணும்."

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியாதே மாமா. தெரியுதா இல்லையான்னு எப்படிப் பாப்பீங்க?"

சிரிப்பு மூட்டலாம் என்று சொன்னது. வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை. என் மனைவி என் காலை மிதித்தாள்.

சகலைதான் வாயைத் திறந்தார். "என் கண்ணு நல்லாத்தானே இருக்கு தம்பி. நான் பாத்துச் சொல்றேன் மாமாவுக்கு."

இப்படியாகக் காருக்கு ஆசைப்பட்டவரே காருக்கு நீதிபதியும் ஆனார். ஏற்பாடு செய்து கொடுத்தது என் வாய்.

"சித்திரைத் திருவிழாவுக்குக் காடிய கோயிலுக்குக் கொண்டாங்க" என்றார் மாமா. எங்கள் பேச்சில் கார் என்றால் காடிதான். "சாயம் மங்கியிருந்துச்சுன்னா சாவி பெரிய மாப்ளைக்குப் போயிடும். அப்புறம் எம் பொண்ணு கஷ்டப்படுறான்னு எங்கிட்ட வந்து நிக்கக்கூடாது."

"உங்க பொண்ணுதானே மாமா."

"கட்டிக்கிட்டது நீங்கதானே மாப்ள."

அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? காரை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். மூன்று மாதம் இருந்தது. மூன்று மாதம் கழித்து அவளுக்கு எட்டாம் மாதம் நடக்கும். அந்த நேரத்தில் கார் போனால் செம்மண் பாதையும் மோட்டாரும்தான் மிச்சம்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் சோம்பேறி. அடக்கத்துக்காகச் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. இதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சட்டை போடுவதற்கே மத்தியானம் ஆகும். அப்படிப்பட்டவனிடம் தினம் இரண்டு மணி நேரம் என்றால், அந்த டின்னைத் திறக்கிற அன்று நான் செத்துப்போயிருப்பேன். டின்னையும் துணிகளையும் எண்ணெயையும் மடிப்புக் கலையாமல் காரின் பின்பெட்டியில் வைத்து மூடினேன். உழைக்காமல் காரை மின்ன வைக்க வழி தேடினேன்.

முதல் வழி மழை. மலாக்காவில் மழைக்கா பஞ்சம்? மேகம் கறுத்தால் காரைப் போர்ட்டிகோவிலிருந்து வெளியே தள்ளி நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து டீ குடிப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி ஓடித் துணி எடுப்பார்கள். நான் காரைக் காயப்போடுவேன். மழை நின்று வெயில் அடித்ததும் ஒவ்வொரு துளியும் இருந்த இடத்திலேயே காய்ந்து, கார் முழுக்கத் தேமல் விழுந்தது.

இரண்டாவது, மாமரத்து நிழல். வெயில் படாமல் இருந்தால் சாயம் மங்காது என்று யாரோ சொன்னார்கள். மரத்தில் குருவிகள் இருக்கும் என்பதை அவர்கள் சொல்லவில்லை.

மூன்றாவது, கார் உறை. பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் வாங்கியது. கழுவாத கார்மேல் போட்டு மூடினேன். காற்று அடிக்க அடிக்க உறை உள்ளிருந்த தூசியோடு சேர்ந்து ஆடி, நான் தூங்கிய நேரமெல்லாம் எனக்குப் பதிலாக அது காரைத் தேய்த்தது. எடுத்துப் பார்த்தால் பூனை பிறாண்டிய மாதிரி நூறு கோடு. பதறிப்போய்ப் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டு அலசினேன். காரின் மேலிருந்த கொஞ்சநஞ்ச மினுமினுப்பும் சோற்றுப் பானை பிசுக்குப் போவதுபோல் போய்விட்டது.

இந்த நிலைமையில் ஒரு சனிக்கிழமை மனைவிக்குச் சுட்ட மீன்மேல் ஆசை வந்தது. பிள்ளைத்தாய்ச்சி கேட்டால் முடியாது என்று சொல்ல முடியுமா? கடலோரத்து உம்பாய்க்குப் போனோம். கடைக்குப் பக்கத்திலேயே, மூக்கு கடலைப் பார்க்கிற மாதிரி காரை நிறுத்தினேன். நடக்கிற வேலை மிச்சம். இரண்டு மணி நேரம் மீன் தின்றோம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மாமா சொல்லாமல் கொள்ளாமல் முதல் பரிசோதனைக்கு வந்து நின்றார், சகலையோடு.

மாமாவுக்குக் கண் பார்வைதான் போயிருந்தது, விரலின் உணர்வு போகவில்லை. புறங்கையைப் பானட்டில் வைத்து, மூக்கிலிருந்து கண்ணாடி வரைக்கும் மெதுவாக இழுத்தார். இழுத்த விரலை நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார்.

நான் அரை அடி பின்னால் நகர்ந்தேன்.

"காடிய கடலுக்குள்ள ஓட்டினீங்களா மாப்ள?"

"இல்ல மாமா, பக்கத்துலதான் நிறுத்தி..."

"பெரிய மாப்ள, மீசை தெரியுதா?"

சகலை குனிந்தார். ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார். சந்தோஷத்தில் முதுகு குலுங்கியது. "மீசையா? மொகமே தெரியல மாமா. என்னா தம்பி, மழையிலயே குளிப்பாட்டுறீங்களாமே காடிய? பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க."

"தண்ணி தண்ணிதானே அண்ணே."

"அப்ப நீங்களும் மழையிலயே குளிங்களேன், சோப்பு மிச்சம்லா."

மாமா சிரிக்கவில்லை. மகள் கொண்டுவந்த காப்பியையும் குடிக்கவில்லை. "சித்திர வரைக்கும் சொன்னேன். சொன்ன சொல்லுக்காக விடுறேன்" என்று சொல்லிவிட்டு, காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்ற என்னைத் திரும்பியும் பார்க்காமல், குடையை ஊன்றிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார். தன் காரை வாசலில் விட்டுவிட்டுப் பஸ்ஸில் போவதுதான் அவர் எனக்குக் கொடுத்த அடி. நன்றாகவே விழுந்தது.

அன்று இரவு மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அக்கா வீட்டு அத்தான் கைக்குக் காடி போச்சுன்னா, நான் அந்த ரோட்டுல நடந்துதான் போவேன். மோட்டார்ல ஏற மாட்டேன். வேலைய விடவும் மாட்டேன்." அவள் மாமாவின் மகள். சொன்னால் செய்வாள்.

என்னைக் காப்பாற்றியது என்னைவிடப் பெரிய சோம்பேறி ஒருவர். மஸ்ஜித் தானா டவுனில் இருந்த என் ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர். மலாய்க்காரர், என் வயதுதான். பென்சில் கீழே விழுந்தால் எடுக்க மாட்டார், வேறு பென்சில் எடுப்பார். ஆனால் அவர் கறுப்புக் கார் மட்டும் எப்போதும் ஈரம் காயாத மாதிரி மின்னும். எனக்கு அந்த மனிதர்மேல் பல நாளாகப் பொறாமை. அன்று கேட்டுவிட்டேன். எந்நேரம் எழுந்து துடைக்கிறீர்கள்?

அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். துடைப்பதா? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பத்து நிமிஷம். சூடு ஏறாத காலை நேரம், நிழல். முதலில் கை படாமல் தண்ணீரை ஊற்றித் தூசியை ஓட விட வேண்டும். தூசியோடு தேய்த்தால் மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி. பிறகு காருக்கென்று விற்கிற சோப்பு, மெத்தென்ற துணி. அலசிய பிறகு துடைக்கவே வேண்டாம். ஈரத்தோடு ஈரமாகத் தண்ணி மெழுகை ஆங்காங்கே நாலு சொட்டு தெளித்து, ஈரத்துணியால் ஒரு இழுப்பு. மெழுகும் ஏறும், தண்ணீரும் போகும். ஒரு வேலையில் இரண்டு வேலை. குருவி எச்சமா? தேய்க்கவே கூடாது. நனைத்த டிஷ்யூவை மேலே போட்டுவிட்டு டீ குடிக்கப் போக வேண்டும். வந்து எடுத்தால் அதுவாகவே கழன்று வரும். கடற்கரைக்குப் போனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி தண்ணீர்.

"டீ குடிக்கப் போகணுமா?" என்று இரண்டு தடவை கேட்டேன். கார் பராமரிப்பில் டீக்கும் இடம் உண்டு என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

என் காரின் கோடுகள் போக மட்டும் ஒரு ஞாயிறு முழுதும் பாடுபட வேண்டியிருந்தது. கட்டி மெழுகு ஒரு டப்பா, பழைய பனியன் இரண்டு, புலம்பல் நிறைய. வாழ்நாளில் எனக்கு வேர்த்த ஞாயிறு அது ஒன்றுதான். அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு பத்து நிமிஷம். மாமரத்தடியை விட்டுப் போர்ட்டிகோவுக்கே காரைக் கொண்டுவந்தேன். ஒரு மாதத்தில் தண்ணீர் ஊற்றினால் கார்மேல் நிற்காமல் உருண்டு ஓடியது. நான் பானட்டில் குனிந்து பார்த்தேன். எனக்கு மீசை கிடையாது. மூக்குத் துவாரத்து முடி தெரிந்தது. போதும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு மாமா பரிசோதனைக்கு வரவில்லை. கண் ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தார். ஆகவே எல்லாம் சித்திரைத் திருவிழா அன்றைக்கு வந்து நின்றது.

தோட்டத்து மாரியம்மன் கோயில் திடலில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள் பூசைக்கு வரிசையாக நின்றன. உச்சி வெயில். என் மனைவி எட்டு மாத வயிற்றோடு இடுப்பில் கை வைத்துக் காரின் நிழலில் நின்றாள். மாமா வந்தார். சகலை வந்தார், மடிப்புக் கலையாத புது வெள்ளை வேட்டியில். சாவி வாங்குவதற்கென்றே கட்டியதுபோல இருந்தது. மாமாவோடு லாரி ஓட்டிய பழைய கூட்டாளிகள் நாலைந்து பேரும் சுற்றி நின்றார்கள்.

மாமா புறங்கையை வைத்து இழுத்தார். கை நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. மறுபடியும் இழுத்தார். முகத்தில் குழப்பம்.

"பெரிய மாப்ள?"

சகலை குனிந்தார். நிமிர்ந்தார். "மங்கலாத்தான் இருக்கு மாமா. பொக அடிச்ச மாதிரி."

"டேய், என்னாடா சொல்ற?" என்று ஒரு கிழ டிரைவர் அவரைத் தள்ளிக்கொண்டு குனிந்தார். "எம் பல்லு தெரியுதுடா இதுல. இருக்கறது மூணு, மூணும் தெரியுது!"

கூட்டம் சிரித்தது. மாமாவின் விரலும் அதையேதான் சொல்லியிருக்க வேண்டும். மெதுவாக என் பக்கம் திரும்பினார். நான் மருமகனான நாளிலிருந்து முதல் முறையாக அந்த முகத்தில் எனக்கு எதிராக ஒன்றும் இல்லை. "எப்படிச் செஞ்சீங்க மாப்ள?" என்றார்.

அங்கே நான் வாயை மூடியிருக்கலாம். தினம் ரெண்டு மணி நேரம் மாமா, முதுகு ஒடியுது மாமா என்று சொல்லியிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் பொய் சொல்வதற்கும் கொஞ்சம் உழைக்க வேண்டுமே. பெருமையாகச் சொன்னேன்:

"பத்து நிமிஷந்தான் மாமா. ரெண்டு வாரத்துக்கு ஒரு வாட்டி."

"பத்து நிமிஷம்."

"ஆமா மாமா. நடுவுல டீகூடக் குடிக்கலாம்."

மாமாவின் கை பானட்டை விட்டு எழுந்தது.

"பதினெட்டு வருஷம். தெனம் ரெண்டு மணி நேரம்" என்றார். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "அப்ப நான் மடையனா?"

"அப்படிச் சொல்லல மாமா."

"வேற எப்படிச் சொன்னீங்க? சொல்லுங்க. எல்லாரும் இருக்காங்க, சத்தமாச் சொல்லுங்க. நான் மடையனா?"

 நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"ஒழைக்காம மினுக்குறதுக்குப் பேரு ஏமாத்து வேலை" என்றார் மாமா. "பெட்டியத் தொறங்க பெரிய மாப்ள. டின்ன எடுங்க."

சகலை பின்பெட்டியைத் திறந்தார். அடுத்த நொடி கல்யாண மேளம் போல அவர் குரல் கேட்டது. "மாமா! டின்ன தொறக்கவே இல்ல மாமா! துணி மடிச்சது மடிச்சபடி அப்படியே இருக்கு!"

"சாவி" என்று கையை நீட்டினார் மாமா.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. திடலுக்கு அப்பால் போகும் செம்மண் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாவியைக் கொடுத்தேன். ஒரு பெருமைப் பேச்சுக்காக எட்டு மாதக் கர்ப்பிணியை நடுரோட்டில் நிறுத்திய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"பூசாரி வர்றதுக்குள்ள மொறையாத் தொடச்சி வைங்க" என்று மாமா சகலையிடம் சொன்னார். "எல்லாரும் பாக்கட்டும், தொடைக்கறதுன்னா என்னான்னு."

சகலை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். வெயிலில் அடுப்புக் கல் மாதிரி காய்ந்து கிடந்த பானட்டின் நடுவில் எண்ணெயை ஊற்றி, திருநீற்றைக் கொட்டி, தேய்க்க ஆரம்பித்தார். அவருடைய ஆசை முழுதும் அந்தக் கையில் இருந்தது.

"நல்லா அமுத்தி" என்றார் மாமா.

சகலை அமுத்தினார். துணியை மடித்துப் போட்டு மறுபடி அமுத்தினார். வேர்வை சொட்டியது. என்னைப் பார்த்து, "இதுக்குப் பேருதான் வேலை தம்பி" என்று சொல்லிவிட்டு, வழுக்கிய கையை இடுப்பு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வெள்ளை வேட்டியில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்தன.

முதலில் பார்த்தவள் என் மனைவி. "அத்தான், கையைக் காட்டுங்க" என்றாள். உள்ளங்கை முழுக்க நீலம். "அப்பா, நீலம் வருதுப்பா."

"அழுக்கு" என்றார் மாமா.

"நேத்துதாம்பா கழுவினாரு. அழுக்கு எங்கேர்ந்து வரும்? அழுக்கு நீலமா வருமா? இது காடி கலரு."

"பதினெட்டு வருஷமா இப்படித்தான் வருது. அழுக்குதான் அது."

என் மனைவி பின்பெட்டிக்குப் போய் மிச்சம் நான்கு துணிகளையும் எடுத்து வந்தாள். அவற்றை நான் நீலத் துணி என்றே நினைத்திருந்தேன். கடையில் அப்படியே நீலமாக வாங்கியது என்று.

"இது உங்க வேட்டிப்பா" என்றாள். "அம்மா எங்கண்ணு முன்னால கிழிச்சுக் கொடுத்தாங்க. வெள்ள வேட்டி. எப்பப்பா இது நீலமாச்சு?"

மாமா ஒரு துணியை வாங்கி மூக்கு நுனி வரைக்கும் கொண்டுபோனார். வெளிச்சத்துக்கு எதிராகத் திருப்பினார். இன்னொரு துணியை வாங்கினார்.  பிறகு பானட்டைத் தடவிக்கொண்டே நடுப்பகுதிக்கு வந்தார். அங்கே சகலை தேய்த்த இடத்தில், சோற்றுத் தட்டு அளவுக்கு நீலம் போய், அடியில் பூசிய சாம்பல் நிறம் வெளியே வந்திருந்தது. மாமாவின் விரல் அந்த ஓரத்தில் தடுக்கி நின்றது. 

"இன்னும் கொஞ்சம் எண்ண விட்டா சரியாயிடும் மாமா" என்றார் சகலை.

"நிறுத்துங்க."

அவ்வளவுதான் சொன்னார். சாவியைச் சட்டைப் பையில் போட்டார். பூசைக்குக்கூட நிற்காமல், யார் முகத்தையும் பார்க்காமல், வீட்டை நோக்கி நடந்தார். கிழ டிரைவர் கூப்பிட்டார், திரும்பவில்லை. பதினெட்டு வருஷமாகத் தினமும் காலையில் ஒரு கைப்பிடி நீலத்தைத் துடைத்து எடுத்துத் துணியில் சேர்த்து வைத்திருந்தார். அவர் ஒரு நாளாவது என்னைப்போலச் சோம்பியிருந்தால் அந்தக் கார் பிழைத்திருக்கும். இதை அவரிடம் சொல்லாமல் இருக்கும் அளவுக்கு அன்று எனக்குப் புத்தி வந்திருந்தது.

"எல்லாம் உங்களாலதான்" என்றார் சகலை.

"தேய்ச்சது நீங்கண்ணே."

"நீங்க ஒழுங்கா தேய்ச்சிருந்தா நான் எதுக்குத் தேய்க்கணும்?"

"நான் ஒழுங்கா தேய்ச்சிருந்தா ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே ஓட்டையாகியிருக்கும்."

அவர் ஒரு அடி முன்னால் வந்தார். நானும் வந்தேன். அடிதடியில் எனக்கு அனுபவம் இல்லை; கையை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் வாயப் பொத்துங்க" என்றாள் மனைவி. "நான் ஒக்காரணும்."

காரின் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சாவி இல்லாத காரோடு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். சகலை அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், நடுவில் அந்தச் சாம்பல் தட்டு. பூசாரி வந்தார், பானட்டைப் பார்த்தார், பொட்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் நம்பர் பிளேட்டில் வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் சகலையின் மனைவி வந்தார். என் மனைவியின் அக்கா. சாவியைத் தங்கையின் மடியில் போட்டார்.

"அப்பா கொடுத்தாரு. புள்ள பொறக்கற வரைக்கும் வெச்சிக்கலாமாம். பொறந்ததும் சாவியக் கொண்டாந்து கொடுத்துடணுமாம்." பிறகு என்னைப் பார்த்து, "உங்ககிட்ட இனிமே பேச மாட்டாராம்" என்றார்.

"இவங்களுக்கு எதுக்கு? நான்தானே..." என்று ஆரம்பித்தார் சகலை.

"நீங்க சும்மா இருங்க. மொதல்ல வேட்டியப் பாருங்க."

பிள்ளை பிறந்தது. பெண். ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் போனோம். முப்பது நாள் கழித்துச் சாவியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோனேன். மாமா அதைப் பார்க்கவில்லை, மகளிடம் பேசினார். "புள்ளைக்கு ஊசியெல்லாம் போட்டு முடிக்கட்டும், அப்புறம் சாவியக் கொண்டாரச் சொல்லு." ஊசி போட்டு முடித்துக் கொண்டுபோனேன். "நடக்கட்டும்" என்றார். நடந்தாள். கொண்டுபோனேன். "மழ காலம் முடியட்டும்." ஒவ்வொரு முறையும் என் முகத்துக்கு அரை அடி பக்கத்தில் எதையாவது பார்த்துக்கொண்டு சொல்வார்.

இடையில் அவர் கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. நான் பானட்டைப் பட்டறையில் சாயம் அடிக்கக் கொடுத்தேன். அடித்த பட்டறைக்காரர் பழையதும் புதியதும் ஒரே நீலம் என்று சத்தியம் செய்தார். மகளுக்கு இரண்டரை வயதானபோது ஒரு ஞாயிறு, அவர் வாசலில் காரை நிறுத்தினேன். மாமா வெளியே வந்து, கண்ணைச் சுருக்கிப் பானட்டைப் பார்த்தார். சுற்றி வந்து இன்னொரு தடவை பார்த்தார்.

"கலரு ஒத்து வரல" என்றார்.

கிட்டத்தட்ட மூன்று வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். பின்சீட்டில் என் மகள் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். மாமா சாவியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் முன் டயரைப் பார்த்துப் பேசினார்.

"பள்ளிக்கூடம் சேர்ற வரைக்கும்" என்றார். "அதுக்கு மேல ஒரு நாள் விட மாட்டேன்."